கோணல் செல்கள்

செல் பொறுக்குவதில் சயோகோ தெராகிஷியை அடித்துக்கொள்ள அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் ஆள் கிடையாது. கிண்ணத்து நீரில் இதயத்தசைச் செல்கள் கூட்டம் கூட்டமாக மிதக்கும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த மாத்திரத்தில் எது உருப்படும், எது உதவாக்கரை என்று சொல்லிவிடுவாள். நேராக, செங்கல் மாதிரி கட்டாக, குறுக்கே வரிவரியாகக் கோடு தெளிந்திருந்தால் அது நல்ல செல். வளைந்தது, முனை கிழிந்தது, வரி கலைந்தது எல்லாம் கோணல். கோணலை ஊசி நுனியால் ஓரங்கட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள்.

"என்னம்மா, அழகிப் போட்டி ஆரம்பிச்சாச்சா?" என்று பேராசிரியர் கிதமோதோ கதவோரம் நின்று கேட்பார்.

"கோணலைக் கட்டினா பாதியில கோந்து விட்டுப்போகுது சென்செய். அப்புறம் அன்னைக்குப் பொழுதே வீண்."

"நான் குத்தமாவா சொன்னேன்? நடுவர் கறாரா இருந்தாத்தான் போட்டிக்கு மரியாதை."

இருவரும் சிரிப்பார்கள். சென்செய் என்று மரியாதையாக அழைக்கும் ஆசிரியர் வாயால் இப்படி ஒரு கேலி கிடைத்தால் அது பாராட்டு என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள், பாவம்? பத்து வருஷமாக அந்தக் கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் பொறுக்கினார்கள்.

ஒற்றைச் செல்லின் இழுவிசையை அளப்பது அவசரக்காரர்களுக்கு ஆகிற வேலை இல்லை. உறைந்த சதைத் துணுக்கைப் பொடியாக நறுக்கி, செல் செல்லாகப் பிரித்து, சோப்புத் தண்ணீர் போன்ற ஒரு கரைசலில் ஊறப்போட்டு மேல்தோலை உரிக்க வேண்டும். பிறகு ஒரு செல்லின் இரு முனைகளையும் இரண்டு ஊசி நுனிகளில் கோந்து வைத்து ஒட்ட வேண்டும். ஒரு ஊசி விசைமானியோடு சேர்ந்தது. கோந்து இறுகும்வரை மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட வேண்டும். அப்புறம் செல்லைக் கால்சியம் கரைசலில் இறக்கினால் அது இழுக்கும். செத்து, உறைந்து, தோலுரிந்து கிடந்த செல், இதயத்துக்குள் இருந்த காலத்தில் இழுத்த மாதிரியே இழுக்கும். ஒரு பொடி எறும்பின் எடைகூட வராத இழுப்பு. திரையில் ஒரு கோடு ஏறி, சமமாகி நிற்கும். தளர்த்தும் கரைசலுக்கு மாற்றினால் இறங்கிவிடும். எத்தனை தடவை பார்த்திருந்தாலும் அந்தக் கோடு ஏறும்போது சயோகோவுக்கு மயிர்க்கூச்செறியும்.

தகுமா ஹமதானியின் செல்களும் அப்படித்தான் இழுத்தன. ஹிமி துறைமுகத்துப் பையன், பதினான்கு வயது. இதயம் ஊதித் தளர்ந்துவிட்டது. மாற்று இதயம் கிடைக்கும்வரை தாங்கட்டும் என்று இதயத்தின் முனையில் துளை போட்டு ஒரு பம்பைப் பொருத்தினார்கள். துளை போட்டபோது வந்த கட்டைவிரல் நுனி அளவுச் சதையை, பையனும் தாயும் சம்மதித்து ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். ஐஸ் பெட்டியோடு அறுவைக்கூடத்திலிருந்து வெளியே வந்தவள் சயோகோ. வாசலில் உட்கார்ந்திருந்த தாய் நொபுவே விருட்டென்று எழுந்து, சயோகோவுக்கு அல்ல, அந்தப் பெட்டிக்கு இடுப்பு மடியக் குனிந்து வணங்கினாள். "அவனைப் பாத்துக்கோங்க" என்றாள்.

மாற்று இதயம் வரவே இல்லை. அடுத்த கோடையில் பையன் போய்விட்டான்.

நவம்பரில் பல்கலைக்கழகத்து அஞ்சலிக் கூட்டம் நடந்தது. உடலையும் உறுப்பையும் கொடுத்தவர்களுக்காக வருஷா வருஷம் நடப்பது. குடும்பத்தார் கறுப்பு உடுத்தி வருவார்கள். ஆளுக்கொரு வெள்ளைச் சாமந்தியை மேடையில் வைத்துவிட்டு, கண்ணை மூடி நிற்பார்கள். அப்புறம் பக்கத்து அறையில் தேநீரும் பூரணம் வைத்த மஞ்ஜுவும் கொடுப்பார்கள். அங்கேதான் நொபுவே சயோகோவைக் கண்டுபிடித்தாள். மீன் மார்க்கெட்டில் மீன் அறுத்து, ஏலமும் கூவுகிறவள்; இரவல் வாங்கிய கறுப்பு உடை தோளில் பெரிதாகத் தொங்கியது.

"என்னை நெனவிருக்கா சென்செய்? பெட்டிக்குக் கும்பிடு போட்டேனே."

"மறப்பேனா, தகுமா அம்மா."

"ஒண்ணு கேக்கணும். கேக்கக்கூடாததா இருந்தா சொல்ல வேணாம்." மஞ்ஜுவைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல் உருட்டினாள். "அவன் இதயத்த மெஷின்ல வச்சு இழுத்துப் பாப்பீங்கன்னு டாக்டர் சொன்னாரு. எப்படி இருந்துச்சு? நல்லா இழுத்துச்சா?"

தனி ஆளின் முடிவைக் குடும்பத்திடம் சொல்லக்கூடாது என்பது கூடத்து விதி. அந்த முகத்துக்கு நேராக நின்று விதி பேச யாருக்கு மனசு வரும்? சயோகோவுக்கு வரவில்லை. அதோடு, கொடுப்பதற்கு நல்ல சேதி கையில் இருக்கிறதே என்று ஒரு சந்தோஷம் வேறு.

"நல்லா இழுத்துச்சும்மா. சும்மா ஆறுதலுக்குச் சொல்லல. ஒவ்வொரு செல்லும் ஆரோக்கியமான இதயத்துச் செல் மாதிரியே இழுத்துச்சு. ஒரு பொட்டுக் குறை கிடையாது."

தாய் அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று சயோகோ எதிர்பார்த்தாள். நொபுவே அழவில்லை. முகத்தில் இருந்த கொஞ்சம் ரத்தமும் வடிந்துபோயிற்று.

"அப்போ, பொறக்கும்போது நல்லாத்தான் இருந்திருக்கு" என்றாள் மெதுவாக.

"தகுமா அம்மா..."

"ஸ்கூல்ல குளிர்கால ஓட்டம் வைப்பாங்கல்ல? மூச்சு வாங்குதும்மா, இந்த வருஷம் வேணாம்னான். சோம்பேறிப் பயலேன்னு திட்டி அனுப்பிச்சேன். மார்க்கெட் பூட்ஸைக்கூடக் கழட்டாம கடலோர ரோட்டுல போய் நின்னு, 'இன்னும் கொஞ்சம்! இன்னும் கொஞ்சம்!'னு கத்தினேன். ஏலம் கூவுற தொண்டை. ஊருக்கே கேட்டிருக்கும். கடைசி ஆளாத்தான் வந்தான். ஆனா ஓடி முடிச்சான்." அவள் மஞ்ஜுவை மேசைமேல் வைத்தாள். "டாக்டருங்க ரத்தத்துல என்னென்னமோ தேடினாங்க. காரணம் தெரியலன்னாங்க. பொறவிக் கோளாறா இருக்கும்னு நானே மனசைத் தேத்தி வச்சிருந்தேன். நல்ல இதயத்த நான்தான் ஓட விட்டு உடைச்சிருக்கேன். உண்மையச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி சென்செய்."

குனிந்து வணங்கினாள். நிமிர்ந்தாள். போய்விட்டாள். சயோகோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அவள் இல்லை. வெளியே பனியும் மழையுமாகக் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. குடை இல்லாமல் ஓடிப்போய்ப் பார்த்தாள். ஹிமி பஸ் புறப்பட்டுவிட்டிருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

மறுநாள் வேலைக்கு உட்கார்ந்தாள். வேறு யாருடைய செல்லோ கிண்ணத்தில் மிதந்தது. கண் வழக்கம்போல ஒரு அழகான செல்லைத் தேடிப்போனது. கை வழக்கம்போல ஒரு கோணலைத் தள்ளியது. தள்ளிய கை அப்படியே நின்றுவிட்டது.

ஒவ்வொரு செல்லும் நல்லா இழுத்துச்சு என்று அந்தத் தாயிடம் சொன்னாளே, எந்த ஒவ்வொரு செல்? அவள் பொறுக்கிய ஒவ்வொரு செல். ஓரங்கட்டியதெல்லாம் என்ன ஆயிற்று? கழுவுதொட்டியில் ஊற்றியாயிற்று. எழுந்தாள். நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள்.

"சென்செய், நம்ம கூடத்துல கோணல் செல்லை யாராவது அளந்திருக்கோமா?"

"எதுக்கு அளக்கணும்? நறுக்கும்போது கத்தியில அடிபட்டதும்மா அது."

"கத்தியில அடிபட்டதா, உடம்புக்குள்ளயே அப்படித்தான் இருந்துச்சான்னு பாத்தோமா?"

கிதமோதோ நிமிர்ந்து பார்த்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. "அழகிப் போட்டின்னு நீங்கதானே கேலி பண்ணுவீங்க? அழகிப் போட்டி நடத்திட்டு, அந்த ஊர்ல எல்லாருமே அழகுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன் சென்செய். அதை அந்த அம்மா நம்பிட்டுப் போயிட்டாங்க."

"இப்ப என்ன செய்யணும்ங்கற?"

"தகுமாவோட சதை இன்னும் கொஞ்சம் உறைய வைக்கிற டாங்க்ல இருக்கு. அதைக் கொடுங்க."

"விளையாடறியா? மருந்துச் சோதனைக்குன்னு பொத்திப் பொத்தி வச்சிருக்கேன். தீந்தா தீந்ததுதான். இன்னொரு தகுமா கிடையாது."

"அதனாலதான் கேக்கறேன்."

கிதமோதோ பிடிவாதக்காரர்தான். ஆனால் கேட்ட கேள்வி நியாயமானது என்று பட்டுவிட்டால் அவரால் அதைத் தாண்டிப் போக முடியாது. "எடுத்துக்கோ" என்றார். "ஆனா பொறுக்கக்கூடாது. ஊசியில எது முதல்ல படுதோ அதைத்தான் கட்டணும். கோணலோ குருடோ, வந்தது வந்ததுதான். அளவு கிடைக்கலன்னா கிடைக்கலன்னு எழுது, ஏன்னும் எழுது. ஒப்பிட்டுப் பாக்க, டாங்க்ல இருக்கிற நல்ல இதயத்துச் செல்லையும் இதே மாதிரி பொறுக்காம அள. ஒண்ணே ஒண்ணு பொறுக்கினேன்னு தெரிஞ்சுது, டாங்க்கைப் பூட்டிச் சாவியை நான் எடுத்துட்டுப் போயிடுவேன்."

பொறுக்காமல் இருப்பது அவ்வளவு கஷ்டம் என்று அவள் நினைக்கவே இல்லை. கை தானாகவே அழகானதைத் தேடிப்போனது. அதட்டி இழுத்து வர வேண்டியிருந்தது. கோணல் செல்லோ கோந்தில் நிற்காது. முனை நழுவும், நடுவில் முறுக்கும், பாதி நாள் உழைப்பு ஒரு நொடியில் போகும். "சனியனே, நில்லேன்" என்று வாய்விட்டுத் திட்டியிருக்கிறாள். திட்டிவிட்டு, அது யாருடைய செல் என்று நினைவு வந்து, மன்னிப்பும் கேட்டிருக்கிறாள். அவசரப்படாமல் கோந்து வைக்கவும், ஊசியைச் சாய்த்துப் பிடிக்கவும் கை மெல்லப் பழகியது.

நல்ல இதயத்துச் செல்கள், பார்க்க எப்படி இருந்தாலும், ஏறக்குறைய ஒன்றுபோலவே இழுத்தன. அவற்றில் கோணல் என்பது பெரும்பாலும் கத்தி செய்ததுதான். அந்த அளவுக்குப் பேராசிரியர் சொன்னது சரி. தகுமாவின் செல்கள் அப்படி இல்லை. ஒன்று முரட்டுத்தனமாக இழுத்தது. அடுத்தது இழுத்தும் இழுக்காமலும் கிடந்தது. அதற்கடுத்தது மறுபடி முரடு. நோஞ்சான்களில் பாதிக்குமேல் நீண்டு, வரி கலைந்து, கோணலாக இருந்தன. ஏன் கோணல் என்பது அப்போதுதான் சயோகோவின் மண்டையில் உறைத்தது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கயிறு இழுப்பார்களே, பலசாலியையும் நோஞ்சானையும் ஒரே கயிற்றில் கட்டினால் நோஞ்சான் கதி என்ன? அந்தப் பையனின் இதயத்தில் துடிப்புக்குத் துடிப்பு அதுதான் நடந்திருக்கிறது. முரடன் இழுக்க இழுக்கப் பக்கத்தில் இருந்த நோஞ்சான் நைந்து போயிருக்கிறான். அவள் இத்தனை நாள் முரடர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, சபாஷ் என்றிருக்கிறாள்.

திரையில் சிதறிக் கிடந்த புள்ளிகளைப் பார்த்துக் கிதமோதோ கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை நாள் கண்ணு முன்னாடி இருந்திருக்கு" என்றார். அப்புறம், "ஓடிக் களைச்ச இதயம்னா எல்லாம் சேந்து தளர்ந்திருக்கும். இது ஒண்ணோட ஒண்ணு பொருந்தாமலே உண்டான சதை. கருவுலயே விழுந்த கோளாறா இருக்கணும். ஒரே ஒரு பையனை வச்சு உலகத்துக்கு அடிச்சுச் சொல்ல முடியாது."

"அவங்க அம்மாவுக்குச் சொல்லலாமா?"

"நீ பாதி சொல்லிட்டு வந்தே. மீதியைச் சொல்லாம இருக்கிறதுதான் இப்போ தப்பு. டாக்டர்கிட்ட நான் பேசறேன். பையனுக்கு ஒரு தங்கச்சி உண்டுல்ல? அவளுக்கும் இது இருக்கலாம், டாக்டர் பாக்கணும்னு சேத்துச் சொல்லு."

ஹிமியில் அன்று காலையிலிருந்தே இடி. புரி மீன் வரும் நாளில் கடல்மேல் இடிக்கிற இடி. துறைமுகத்தில் அதைக் கேட்டுச் சந்தோஷப்படாதவர்கள் கிடையாது. நொபுவே சந்தோஷப்பட்டவளாகத் தெரியவில்லை. ரப்பர் கவுனோடு நின்று, தொடை நீளப் புரி மீனை வயிறு கிழித்துக்கொண்டிருந்தாள். ஆள் இளைத்துப்போயிருந்தாள். சயோகோ ஈரத்தரையில் நின்று ஆழக் குனிந்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு, தகுமா அம்மா. பொய் இல்ல. ஆனா தப்பு. நல்லதாப் பாத்துப் பொறுக்கி அளந்துட்டு, எல்லாமே நல்லாயிருந்துச்சுன்னு சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

கத்தி நிற்கவில்லை. சயோகோ முரடனையும் நோஞ்சானையும் பற்றிச் சொன்னாள். ஒரே இதயத்தில் இரண்டும் கலந்து கிடந்ததைச் சொன்னாள். அது பிறவியிலேயே வந்ததாக இருக்கவேண்டும் என்றாள். நொபுவே குடலை வழித்து வாளியில் எறிந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்த ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா? சின்னவ மினோரி ஸ்கூலுக்கு ஓடினாக்கூட, நடந்து போடின்னு அலறுறேன். இப்ப வந்து மாத்திச் சொல்றீங்க. நாளைக்கு வந்து இதுவும் அரைகுறைன்னு சொல்ல மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் இல்லம்மா. இந்தத் தடவை பொறுக்கல. கைக்கு வந்ததையெல்லாம் அளந்தேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"நான் ஓட விட்டது?"

"கஷ்டப்பட்டிருப்பான். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இதயத்த உடைச்சது ஓட்டம் இல்ல. ஓடலன்னாலும் உள்ள முரடன் நோஞ்சானை இழுத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பான்."

வெளியே இன்னொரு இடி இறங்கியது. நொபுவே கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்கிட்டேருந்து வந்ததா?"

"தெரியல. உங்ககிட்டேருந்தும் வந்திருக்கலாம், அவங்க அப்பாகிட்டேருந்தும் வந்திருக்கலாம். ரெண்டும் இல்லாம அவன்கிட்ட புதுசாவும் விழுந்திருக்கலாம். மினோரியை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. டாக்டர் பாக்கணும்கறார். முன்னாடியே தெரிஞ்சா காப்பாத்த வழி இருக்கு."

"கூட்டிட்டு வரேன்" என்றாள் உடனே. கவுனில் கையைத் துடைத்தாள். துடைத்த கையை மறுபடி துடைத்தாள். "மிச்சம் இருக்கா? அவனோடது?"

"கொஞ்சூண்டு. ஒரு நாள் வேலைக்கு வரும்."

"நான் பாக்கணும். பயந்துக்க மாட்டேன். அறுத்தெடுத்த மீன் இதயம் உள்ளங்கையில துடிக்கிறத தினம் பாக்கிறவ நான்."

மினோரியை டாக்டரிடம் விட்டுவிட்டு அவள் கூடத்துக்கு வந்தாள். அதே இரவல் கறுப்பு உடை. டாங்க் எது என்று கேட்டு அதற்கு ஒரு வணக்கம் வைத்தாள். கிதமோதோ அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஊசியில் முதலில் பட்ட செல் படுகோணல். நடுவில் வளைந்து, வரி கலைந்து, ஒரு முனை பிசிறியிருந்தது. பழைய சயோகோ திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். அதைத்தான் ஒட்டினாள். கோந்து இறுகக் காத்திருந்தாள். திரையில் பெரிதாகத் தெரிந்த அந்தக் கோணலை நொபுவே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "தூங்கும்போது இப்படித்தான் முடங்கிக்குவான்" என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள்.

"இறக்கப் போறேன்மா."

கால்சியம் கரைசல் பட்டது. கோடு அசைந்தது. ஏறியது. முரடன் ஏறுவது போல விறுவிறுவென்று அல்ல. தயங்கித் தயங்கி, நடுங்கி, கொஞ்சம் நின்று, மறுபடி ஏறியது. பிசிறிய முனை கோந்துக்குள் இறுகித் துடித்தது. கோடு சமமாகும்வரை காத்திருக்க வேண்டும்; அப்போதுதான் அளவு. அது சமமாவதாக இல்லை. இருக்கிற தெம்பையெல்லாம் திரட்டி ஏறிக்கொண்டே இருந்தது.

நொபுவே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். வாய் திறந்தது. அந்த ஏலத் தொண்டையிலிருந்து 'இன்னும் கொஞ்சம்!' என்ற கூவல் வரப்போகிறது என்று சயோகோ நினைத்தாள்.

"போதும்டா" என்றாள் நொபுவே. குரலே எழும்பவில்லை. "போதும் ராசா. நல்லா இழுத்துட்ட. அம்மா பாத்துட்டேன். விட்டுரு."

சயோகோ அளவுக்குக் காத்திருக்கவில்லை. செல்லைத் தளர்த்தும் கரைசலுக்கு நகர்த்தினாள். கோடு மெல்ல இறங்கிக் கீழே வந்து படுத்துக்கொண்டது. நொபுவே திரையைப் பார்த்து இடுப்பு மடியக் குனிந்தாள்; வெகுநேரம் நிமிரவில்லை.

எதையும் பொறுக்கக்கூடாது, எதையும் விடக்கூடாது என்பதுதானே விதி. ஆகவே சயோகோ அந்தச் செல்லையும் மற்ற செல்களோடு சேர்த்தே எழுதினாள்: கோணல். அளவு முடியுமுன் நிறுத்தப்பட்டது. காரணம், அம்மா போதும் என்றாள்.